முள்ளு விழுந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து கிரவல் ஏற்றி வரும்போது என் லொறியின் ஒயில் பிரஷர் மீட்டர் முள்ளு சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தது. "மீட்டர்தான் பழுது அண்ணை, ஓடுங்கோ" என்றான் கூட வந்த பெடியன். நான் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். மீட்டர் பொய் சொல்கிறது என்று உறுதியாகும் வரை அதை நம்புங்கள். ஒயில் பிரஷர் இல்லாமல் ஓடிப் பேரிங் பிடித்தால் எஞ்சின் தாங்காது.

கொஞ்ச நேரம் விட்டு டிப் ஸ்டிக்கை (ஒயில் அளவு பார்க்கும் கம்பியை) இழுத்துப் பாருங்கள். ஒயில் சரி, ஒழுக்கும் இல்லையா? எஞ்சின் புளொக்கில், மீட்டருக்குப் பிரஷரைச் சொல்லும் சென்சரைத் தேடுங்கள். ஒற்றை வயர் வரும் பழைய வகை என்றால் சோதனை சுலபம். ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒன் பண்ணுங்கள். வயரைக் கழற்றினால் முள்ளு ஒரு முனைக்குப் போகும், கழற்றிய வயரை எஞ்சின் இரும்பில் ஒரு கணம் தொட்டால் மறுமுனைக்கு. எது எந்தப் பக்கம் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். அப்படி அசைந்தால் வயரும் மீட்டரும் சரி, சென்சர் பழுது அல்லது உண்மையிலேயே பிரஷர் இல்லை. அசையாவிட்டால் பியூஸ், வயர், மீட்டரைப் பாருங்கள். கம்பியூட்டர் பெட்டி உள்ள புது லொறிகளில் இந்த விளையாட்டு வேண்டாம்.

அப்புறம் சென்சரைக் கழற்றி, அந்த ஓட்டையில் கை மீட்டரை (வயர் இல்லாமல் பிரஷரை நேரே காட்டும் மீட்டரை) பூட்டி எஞ்சினை ஓட விடுங்கள். சூடான எஞ்சினில் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) என்பது பழைய கணக்கு. உங்கள் வண்டியின் மனுவல் சொல்வதே முடிவு. அதற்குக் குறைந்தால் பம்ப், பேரிங் வேலைதான்.

என்னுடையதில் பிரஷர் நல்லாக இருந்தது. சென்சர் மரையில் யாரோ வெள்ளை டேப்பைத் தடிப்பாகச் சுற்றியிருந்தார்கள். மரை வழியாக எஞ்சின் இரும்பில் எர்த் எடுக்கும் சென்சருக்கு அது ஆகாது, டேப் கரண்டை மறிக்கும். உரித்து, மரையைத் துடைத்துப் பூட்டினேன், முள்ளு எழும்பியது.