பிரெஞ்சுக் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பாட்டன் பூட்டனைத் தேடாதீர்கள்

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் வேர் தேடக் கிளம்புகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். 'வீட்டுப் பெயர் பிரெஞ்சுப் பெயர், அப்படியென்றால் முன்னோரில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இருந்திருக்க வேண்டும்' என்று முடிவுகட்டிவிட்டுத் தேடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

1881 செப்டம்பர் 21 அன்று ஓர் ஆணை வந்தது. பிரெஞ்சிந்தியாவில் இருந்தவர்கள் தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது அது. அப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். துறக்கிறவர் தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைச் சொல்லியாக வேண்டும். நமக்கோ அப்பா பெயரும் தன் பெயரும்தான் வழக்கம். அதனால் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' ஆனார். அந்தச் சொல்லுக்குக் கதவு என்று பொருள். 1873இல் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போன விவகாரத்தைப் பாரிஸ் வரை கொண்டுபோனவர் அவர்.

ஆக, குடும்பப் பெயரை மட்டும் வைத்துப் பின்னால் போனால், துறந்த நாளோடு வழி அடைபட்டுவிடும். நீங்கள் தேட வேண்டியது அந்தத் துறப்புப் பத்திரத்தை. பழைய பெயரும் புதுப் பெயரும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். இன்னொன்று, அண்ணனும் தம்பியும் தனித்தனியாகத் துறந்திருந்தால் ஆளுக்கொரு பெயர் எடுத்திருக்கலாம். பெயர் வேறாக இருக்கிறதே என்று பங்காளிகளை ஒதுக்கிவிடாதீர்கள். துறந்தவர் என்றாலே மதம் மாறியவர் என்று எண்ணுவதும் தவறு. அவர்கள் துறந்தது சட்டத்தை, சாமியை அல்ல.

அடுத்தது எழுத்துக்கூட்டல். இங்கிலீஷ் பழக்கத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது. பிரெஞ்சு எழுத்தர் 'மு' என்று காதில் விழுந்ததை எம், ஓ, யூ என மூன்று எழுத்தில் எழுதினார். ஒற்றை எஸ் நடுவில் வந்தால் பிரெஞ்சில் இசட் ஒலி வந்துவிடும் என்பதால் 'சாமி'க்கு இரண்டு எஸ் போட்டார். 'பிள்ளை' பல ஏடுகளில் 'புல்லே' என்றுதான் நிற்கும். ஒரே ஆளுக்குப் பிறப்புப் பதிவில் ஒரு விதம், திருமணப் பதிவில் வேறு விதம் எழுதியிருப்பதும் சகஜம். தந்தை பெயருக்கு முன்னால் எஃப், இ, யூ என்று சின்னதாக ஒரு சொல் இருந்தால், அதையும் பெயரில் சேர்த்துப் படிக்காதீர்கள். 'காலஞ்சென்ற' என்று அதற்குப் பொருள். அப்புறம் அவருடைய இறப்புப் பதிவை, கையில் உள்ள அந்தப் பதிவின் தேதிக்கு முன்னால் தேடினால் போதும். ஒரே சொல்லில் எத்தனை ஆண்டுத் தேடல் மிச்சம் பாருங்கள்!

பாட்டியைத் தாத்தாவின் பெயரில் தேடாதீர்கள். பிரெஞ்சுப் பதிவுகளில் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்.

புதுச்சேரி ஏடு செல்லரித்துப் போயிருந்தால் அதோடு விட்டுவிடவும் வேண்டாம். 1776 ஜூனில் வந்த அரசாணைப்படி குடியேற்ற நாட்டுப் பதிவேடுகளின் நகல்கள் பிரான்சுக்குப் போயின. எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம் பழைய பதிவுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பிறப்பு, திருமணப் பதிவுகள் பொதுவாக 75 ஆண்டுகள் கழித்தே எல்லோருக்கும் திறக்கும்.

ரெயூனியன், குவாதலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகளில் இருக்கும் கிளையைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறு வேறு. அங்கே ஒப்பந்தக் கூலியாகப் போனவரின் தனிப்பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. குவாதலூப் இந்தியர்களின் உரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்ரி சிதம்பரத்தின் குடும்பப் பெயர் நம் சிதம்பரமேதான். 'காரைக்காலில் கப்பலேறினார்' என்று பதிவில் இருந்தால் காரைக்கால்தான் சொந்த ஊர் என்று எழுதிக்கொள்கிறார்கள். அது துறைமுகம், அவ்வளவுதான். தஞ்சைப் பக்கத்துப் பிரிட்டிஷ் ஊர்களிலிருந்து நடந்து வந்து ஏறியவர்களும் உண்டு. ஊரைத் தேடும் முன், கப்பல் பெயரையும் கூலியின் பதிவெண்ணையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.