வாரம் ஐந்து நாள் வேலை: ஜவ்வரிசி பாக்கெட் போடுபவர்களுக்கான கணக்கு

சேலத்தில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு ஜவ்வரிசி பேக்கிங் கூடத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாள்கூலி 600 ரூபாய், ஆறு நாள், 48 மணி நேரம். வாரக்கூலி 36,000. மணிக்கு 100 கிலோ ஓடினால் 4,800 கிலோ. கிலோவுக்குக் கூலி 7.50.

கூலியைக் குறைக்காமல் ஐந்து நாள், 40 மணி நேரமாக்கினால் சரக்கு 4,000 கிலோ, கிலோவுக்குக் கூலி 9 ரூபாய். பழைய நிலைக்குத் திரும்ப, மணிக்கு 120 கிலோ ஓட வேண்டும்.

முதலில் ஒரு வாரம், வேலை நிற்கும் நேரத்தைக் காரணத்தோடு எழுதுங்கள்: மூட்டை வரவில்லை, ரோல் மாற்றம், சீல் ஒட்டவில்லை. தினம் 80 நிமிடம் நின்றால், அதை முழுக்க மீட்டால்தான் அந்த 20 சதவீதம் கிடைக்கும். பாதிதான் கைக்கு வரும் என்று வைத்துக் கணக்குப் போடுவதே நல்லது. வாடகையையும் குறைந்த கிலோவில் பங்கிட மறக்காதீர்கள்.

பலர் சறுக்குவது சனிக்கிழமையில்தான். ஆர்டர் தேங்கியதும் ஆளைக் கூப்பிடுவார்கள். சட்டப்படி 48 மணியைத் தாண்டினால் இரட்டைக் கூலி. 40-க்கும் 48-க்கும் இடையே என்ன கூலி என்பதை முன்பே பேசி எழுதி வையுங்கள். ஆளுக்கு மணிக்கு 180 ரூபாய் என்று ஒப்புக்கொண்டு, பத்துப் பேரும் அந்த எட்டு மணி நேரம் வேலை செய்தால், 4,800 கிலோவுக்கும் சேர்த்துக் கிலோவுக்குக் கூலி 10.50 ஆகிவிடும்.

அவசரத்தில் எடை குறையும். தராசின் எண் நிலைக்கும் முன்பே பாக்கெட்டை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பயந்து அரைக்கிலோ பாக்கெட்டில் 5 கிராம் கூடுதலாகப் போட்டால் 4,000 கிலோவுக்கு 40 கிலோ போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து பாக்கெட்டை மறுபடி நிறுத்துப் பாருங்கள். காலிக் கவரின் எடையைக் கழிக்க வேண்டும். வாங்குபவர் காசு கொடுப்பது உள்ளே இருக்கும் ஜவ்வரிசிக்கு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கும் செலவையும் இதே கணக்கில் சேருங்கள்.