கடலடியில் தெரியும் அந்த மேடு குமரிக்கண்டம் அல்ல

கூகுள் வரைபடத்தில் கொழும்பிலிருந்து மேற்கே நகர்ந்து பாருங்கள். கடலடியில் வடக்குத் தெற்காக ஒரு நீண்ட மேடு தெரியும். இலட்சத்தீவு, மாலைதீவு, சாகோஸ் எல்லாம் அதன் மேல்தான் இருக்கின்றன. கிழக்கே போனால், 90 பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டி ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் நீளத்துக்கு இன்னொரு மேடு. இவற்றை வட்டமிட்டு ‘மூழ்கிய தமிழர் நிலம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகளும் அதை நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இரண்டுமே எரிமலைகள் கட்டிய மேடுகள். புவியோட்டுக்குக் கீழே உள்ள தடித்த பாறை அடுக்கான மேன்டிலின் ஆழத்திலிருந்து சூடான பாறை தூண்போல எழுகிறது; அதற்கு மேலே புவித்தகடு (பூமியின் மேற்பரப்பில் நகரும் பெரும் பாறைத் துண்டு) நகர நகர, தகட்டில் எரிமலைகள் வரிசையாகத் தோன்றுகின்றன. மேற்கு மேட்டை உண்டாக்கிய தூண் இப்போது ரியூனியன் தீவின் கீழ் இருக்கிறது. ஏறத்தாழ 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அதன் மேல் இந்தியா இருந்தது. தக்காணத்து எரிமலைப் பாறைகள் அப்போது வந்தவை. பிறகு தகடு வடக்கே போனது. மாலைதீவின் அடியில் உள்ள எரிமலைப் பாறைக்கு ஏறத்தாழ 57 மில்லியன் ஆண்டு வயது, சாகோஸில் 49 மில்லியன், மொரீஷியஸில் 10 மில்லியனுக்கும் குறைவு. ரியூனியனில் எரிமலை இன்றும் வெடிக்கிறது. மூழ்கிய கண்டத்தில் வயது இப்படி வரிசையாக இறங்கி வராது. இந்தப் பாறைகளை 1987இல் துளையிட்டு எடுத்த ஆய்வுக் கப்பல், பயணத்தை முடித்தது நம் கொழும்புத் துறைமுகத்தில்தான்.

சாகோஸுக்கும் மொரீஷியஸுக்கும் நடுவே தொடர் அறுந்து கிடப்பதைப் பார்த்து, ‘நடுவில் இருந்த நிலம் மூழ்கிவிட்டது’ என்பவர்களும் உண்டு. அங்கே கடற்றளம் பிளந்து விரியும் எல்லை ஒன்று ஓடுகிறது. அது தூணைக் கடந்து வடக்கே போனதால், தொடரின் இளைய பகுதி ஆபிரிக்கத் தகட்டில் சேர்ந்துவிட்டது.

சரி, அந்த மேடுகள் ஒருபோதும் நிலமாக இருந்ததில்லையா? சில இடங்கள் இருந்தன. கிழக்கு மேட்டைத் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரிகூடக் கிடைத்தது. ஆனால் அந்தக் காடுகள் மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. நம் பழைய நூல்கள் சொல்லும் கடல்கோளை மதிப்பதற்கு இந்த மேடுகளைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

அடுத்தது விடைத்தாள்களில் வரும் தவறு: பூமிக்குள்ளிருந்து எரிமலைக் குழம்பு ஆறுபோல மேலே பாய்கிறது என்று எழுதுவது. தூணில் எழுவது திண்மப் பாறை. கடும் வெப்பத்தில் அது மிக மெதுவாக இளகி நகர்கிறது, அவ்வளவுதான். மேலே வர வர அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பாறை உருகும் வெப்பநிலையும் குறையும். அதனால் தகட்டின் அடியை நெருங்கும்போது அதில் ஒரு சிறு பங்கு மட்டும் உருகுகிறது. புதிதாகச் சூடேறி உருகுவதில்லை. இந்த ஒரு விடயம் விளங்கினால் மீதி எல்லாம் எளிது.

தூண் ஆணி அடித்ததுபோல அசையாமல் நிற்கிறது என்று எழுதுவதிலும் கவனம் வேண்டும். 1963இல் கனடிய புவியியற்பியலாளர் டூசோ வில்சன் ஹவாய்த் தீவுகளை விளக்கியபோது அப்படி வைத்துக்கொண்டது உதவியது. ஆனால் ஹவாய்த் தொடருக்கு வடக்கே நீளும் எம்பரர் கடல்மலைகளை 2001இல் துளையிட்டுக் காந்தப் பதிவைப் (பாறை எந்த அகலக்கோட்டில் உறைந்தது என்பதைக் காட்டும் தடயம்) பார்த்தபோது, பழையவை இன்றைய ஹவாயைவிட வடக்கே உருவானது தெரிந்தது. தூணும் தெற்கே நகர்ந்திருக்கிறது. ஆகவே தொடரில் 47 மில்லியன் ஆண்டளவில் தெரியும் வளைவுக்குத் தகடு திசை மாறியதை மட்டும் காரணமாக எழுதினால் விடை பாதிதான்.

மாலைதீவின் வட்டப் பவளத்தீவுகளை எரிமலை வாய் என்று சொல்வதும் பிழை. எரிமலை மெல்ல அமிழ, பவளம் மேல்நோக்கி வளர்ந்தது. அங்கே சுண்ணாம்புக்கல் மட்டும் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தடிப்பு.

அப்புறம், 2004 சுனாமியை 90 பாகை மேட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். அது சுமாத்திராவுக்கு அருகே ஒரு தகடு இன்னொன்றின் கீழ் அமிழும் எல்லையில் வந்தது. சுமாத்திரா, ஜாவா எரிமலைகளும் அந்த வகைதான். தூணுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. திருகோணமலை கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் கீழும் எரிமலை கிடையாது. மழைநீர் பழம்பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கி, பூமியின் இயல்பான வெப்பத்தில் சூடாகித் திரும்பி வருகிறது.