மனநோயில் வரும் மறதி: மாத்திரையையும் கிளினிக்கையும் தவறவிடாதிருக்க

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கு மருந்தெடுப்பவர் மாத்திரையை மறந்தால், இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் அதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ சொல்லிவிடுவார்கள். ஆனால் கேட்டதை மனத்தில் பதிப்பதும், செய்யவேண்டியதை உரிய வேளையில் நினைத்துக்கொள்வதும் அந்நோயிலேயே குன்றுகின்றன; கை பழகிய வேலை அந்த அளவுக்குக் குன்றுவதில்லை. கொழுந்தைப் பிழையில்லாமல் கிள்ளுகிறவருக்கு நேற்றுச் சொன்ன கிளினிக் திகதி மறந்துபோவது நடிப்பன்று.

ஆகவே மாத்திரையை மணியோடு கட்டாமல், தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு கட்டுங்கள். “இரவு எட்டு மணிக்கு” என்பதைவிட “சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும்” என்பது எளிதில் நினைவுக்கு வரும். மணி என்றால் அவரே அதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், தட்டோ கையிலேயே இருக்கிறது. விழுங்கியதும் நாட்காட்டித் தாளில் அவரே கோடு போடட்டும். கோடு இல்லாவிட்டால் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். சந்தேகத்தில் இன்னொன்று கொடுக்காதீர்கள்.

“நான் என்ன சொன்னேன், யோசித்துச் சொல்லு” என்று சோதிப்பது நம் வீடுகளில் பழக்கம். அதை விடுவதே நல்லது. நினைவாற்றலை இழந்தவர்கள் ஊகித்துச் சொல்லும் பிழையே அவர்கள் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது என்பதை 1994இல் உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் காட்டினார்கள். பிழைக்கு இடம்தராமல் கற்பிக்கும் அந்த முறை பின்னர் மனச்சிதைவு உள்ளவர்களிடமும் பயன்பட்டது. சரியான விடையை முதலில் நீங்களே சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்து, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி என்று இடைவெளியைக் கூட்டுங்கள்.

மனச்சோர்வில் மறதி வேறு விதமானது. தற்கொலைக்கு முயன்று மீண்டவர்களுக்குக் குறிப்பிட்ட ஒரு நாளின் நிகழ்வை எடுத்துச் சொல்வது கடினமாயிருந்ததை 1986இல் ஆய்வாளர்கள் மார்க் வில்லியம்சும் கீத் புரோட்பென்ட்டும் கண்டார்கள். எப்போதிருந்து தூக்கமில்லை என்று வைத்தியர் கேட்டால் “எப்பவும் இப்படித்தான்” என்ற விடை வருவது இதனால்தான். கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பே, தீபாவளி முற்பணம் வாங்கிய கிழமை தூங்கினாரா, ஆடிப்பூசைக்கு வந்தாரா என்று, நிகழ்வைப் பிடித்துக் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

மனநோய் மருந்துகளால் வரும் கைநடுக்கத்துக்குத் தரும் பென்செக்சோல் மாத்திரையும் நினைவை மங்கச் செய்யலாம். மறதி கூடினால் வைத்தியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். இடமும் ஆளும் தெரியாமல் திடீரெனக் குழம்பினால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.