அம்மாவைப் பார்ப்பவருக்கு வரும் காசு, அம்மாவின் காசைக் குறைக்குமா?

பிரித்தானியாவில் உடல் முடியாத ஒருவரை வாரம் 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்பவர் கேட்கக்கூடியவை இரண்டு: கேரர்ஸ் அலவன்ஸ் என்ற பராமரிப்பாளர் கொடுப்பனவு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான மாத உதவியாகிய யுனிவர்சல் கிரெடிட்டில் சேரும் கேரர் எலிமென்ட் என்ற கூடுதல் தொகை. கேட்கும் முன்போ மாறும் முன்போ உங்கள் வீட்டுக் கணக்கையும் பார்க்கப்படுபவரின் கணக்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். கீழே வரும் தொகைகள் 2025–26 நிதியாண்டுக்கு உரியவை; ஏப்ரல்தோறும் மாறும். ஸ்கொட்லாந்தில் கேரர்ஸ் அலவன்ஸுக்குப் பதிலாக வேறு கொடுப்பனவு உண்டு.

பார்க்கப்படுபவருக்கு முதலில் ஓய்வூதிய வயதினருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், அல்லது பிஐபி என்ற இயலாமைக் கொடுப்பனவின் டெய்லி லிவிங் (அன்றாட வாழ்வு) பகுதி, அல்லது டிஎல்ஏ என்ற இன்னொரு இயலாமைக் கொடுப்பனவின் பராமரிப்புப் பகுதியில் நடு அல்லது உயர் விகிதம் கிடைத்திருக்க வேண்டும். பிஐபியில் மொபிலிட்டி (நடமாட்டம்) பகுதி மட்டும் இருந்தால் போதாது. உங்கள் விசாவில் அரச உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், சட்ட ஆலோசனை பெறாமல் எந்தப் படிவத்தையும் நிரப்பாதீர்கள். இவை எல்லாமே அந்தத் தடைக்குள் வருபவை.

கேரர்ஸ் அலவன்ஸ் வாரம் 83.30 பவுண்டு. சேமிப்பையோ துணையின் சம்பளத்தையோ பார்க்கமாட்டார்கள். உங்கள் சம்பளம், வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் பென்சனுக்குக் கட்டுவதில் பாதியும் கழித்த பின், வாரம் 196 பவுண்டைத் தாண்டக் கூடாது. ஒரு பவுண்டு கூடினாலும் அந்த 83.30 முழுவதும் போய்விடும். கூடுதல் ஷிப்ட் செய்ததைச் சொல்லாமல் விட்டுப் பின்னர் வாங்கிய காசைத் திருப்பிக் கட்டச் சொல்லும் பெரிய கடன் கடிதம் பெற்ற பராமரிப்பாளர்கள் பலர். சம்பளத் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

கேரர் எலிமென்ட் மாதம் 201.68 பவுண்டு. இதற்கென்று சம்பள வரம்பு கிடையாது; சம்பளம் கூடக் கூட யுனிவர்சல் கிரெடிட்தான் பவுண்டுக்கு 55 பென்ஸ் வீதம் குறையும். சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் யுனிவர்சல் கிரெடிட்டே கிடைக்காது. அப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கேரர்ஸ் அலவன்ஸ்தான் வழி.

இரண்டையும் சேர்த்து வாங்கினால் லாபம் இரட்டிப்பாகாது. கேரர்ஸ் அலவன்ஸ் மாதக் கணக்கில் 360.97 பவுண்டு. அது அப்படியே யுனிவர்சல் கிரெடிட்டிலிருந்து கழிக்கப்படும். ஆக வீட்டுக்குக் கூடுவது அந்த 201.68 மட்டும்தான். அதற்குக் கேரர்ஸ் அலவன்ஸ் கேட்டிருக்க வேண்டும் என்பதே இல்லை. அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்துவிட்டு, யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் பராமரிப்பைப் பதிவு செய்யாமல் விடுவது. கழிப்பது நடக்கும், 201.68 சேராது. இணையக் கணக்கில் மாற்றத்தை அறிவிக்கும் பகுதிக்குப் போய், யாரைப் பார்க்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து என்று அதே மாதக் கணக்குக் காலத்துக்குள் பதியுங்கள். தாமதித்தால் பழைய மாதக் காசு பெரும்பாலும் கிடைக்காது.

இனி அம்மாவின் கணக்கு. தனியே வசிக்கும் அம்மாவுக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸும், வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கான பென்சன் கிரெடிட்டும் இருந்தால், அந்தப் பென்சன் கிரெடிட்டில் கடுமையான இயலாமைக்கான கூடுதல் தொகை வாரம் 82.90 பவுண்டு சேர்ந்திருக்கலாம். மாதத்துக்கு 359.23. மகள் கேரர் எலிமென்ட்டையோ கேரர்ஸ் அலவன்ஸையோ வாங்கத் தொடங்கினால் அது நின்றுவிடும். மகளுக்கு 201.68 வர, அம்மாவுக்கு 359.23 போக, குடும்பத்துக்கு மாதம் 157.55 நட்டம். மகள் பழைய உதவிகளிலிருந்து யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மாற்றப்பட்டபோது இடைக்காலப் பாதுகாப்புத் தொகை பெற்றவர் என்றால் நிலைமை இன்னும் மோசம்: புதிதாகச் சேரும் 201.68 அளவுக்கு அந்தப் பாதுகாப்புத் தொகை குறையும். அம்மாவின் கடிதத்தில் இந்தக் கூடுதல் தொகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அம்மா உங்களோடு ஒரே வீட்டில் இருந்தால் பெரும்பாலும் அது இருக்காது. அப்போது தயங்காமல் கேளுங்கள்.

பார்ப்பவர் அரச ஓய்வூதியம் வாங்குபவராக இருந்தால் கதை வேறு. ஓய்வூதியம் 83.30க்கு மேல் என்றால் கேரர்ஸ் அலவன்ஸ் கையில் வராது. ஆனால் விண்ணப்பித்தால் உரிமை உண்டு என்று கடிதம் வரும். அதைக் காட்டி, பார்ப்பவரின் பென்சன் கிரெடிட்டில் வாரம் 46.40 பவுண்டு கேட்கலாம். காசாகக் கேரர்ஸ் அலவன்ஸ் வராததால் அம்மாவின் 82.90 அப்படியே இருக்கும்.

தம்பதியில் ஒருவருக்கு நோய் காரணமாக யுனிவர்சல் கிரெடிட்டில் மாதம் 423.27 பவுண்டு ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அவர் பெயரில் கேரர் எலிமென்ட் சேராது. மற்றவர் உண்மையாகவே 35 மணி நேரம் பார்க்கிறார் என்றால் அவர் பெயரில் பதியுங்கள். வீட்டுக்கு இரண்டும் வரும். ஒரே ஆளைப் பார்ப்பதற்கு இருவர் வாங்க முடியாது.

ஏற்கெனவே நட்டத்தில் இருந்தால், மகள் தன் உரிமையை நிறுத்தும்படி எழுதி, நின்ற தேதி போட்ட கடிதத்தோடு அன்றே, அம்மாவின் பென்சன் கிரெடிட்டைக் கொடுக்கும் பென்சன் சேவை அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அம்மாவின் 82.90ஐ அவர்களாகத் திருப்பிச் சேர்ப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.