மேல் தோல் மட்டும் கடினம்: கரியில் புதைத்து எஃகைக் கடினமாக்கும் முறை

பிறை, பட்டர்வொர்த் பக்கம் மோட்டார் பட்டறையில் வேலை பழகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கழற்றிப் போட்ட பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளைக் கம்பி) ஒன்றை அரத்தால் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பின் முழுவதுமே அத்தனை கடினமாக இருந்தால் இஞ்சினின் அடி தாங்காது, முறிந்துவிடும். தேய்மானத்துக்கு மேல் தோல், அடி தாங்க உள்பகுதி. அதுதான் சூட்சுமம்.

சாதாரண மைல்டு ஸ்டீலில் கார்பன் சுமார் 0.2 சதவீதம்தான். அதைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் பெரிதாகக் கடினமாகாது. மேல்புறத்துக்கு மட்டும் 0.8 சதவீதம் வரை கார்பன் ஊட்ட வேண்டும்.

முதலில் பெட்டி. தடித்த இரும்புக் குழாயின் ஒரு முனையை வெல்டிங் வைத்து அடையுங்கள். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம், சூட்டில் அதன் புகை ஆளையே படுக்கவைத்துவிடும். சிரட்டைக் கரியைக் கடலை அளவுக்கு நொறுக்கி, எடையில் பத்தில் ஒரு பங்கு சோடியம் கார்பனேட் கலந்துகொள்ளுங்கள். பினாங்குக் காற்றில் கரி சீக்கிரம் ஈரம் இழுக்கும், நன்றாகக் காயவையுங்கள்.

கடினமாக்க வேண்டிய எஃகுத் துண்டை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்துக் கரியின் நடுவில் புதைத்து, கடைசியில் உடைத்துச் சோதிக்க அதே எஃகில் ஒரு சின்னக் கம்பியையும் கூட வையுங்கள். குழாயின் திறந்த முனைக்கு மூடி போட்டு, அதன் விளிம்பைக் களிமண்ணால் பூசி உலரவிடுங்கள்.

அப்புறம் உலையில் 900 முதல் 925 டிகிரி செல்சியஸ். சூடு நடுக்கரி வரை ஏறிய பிறகே நேரக் கணக்கு தொடங்கும். நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழம் கிடைக்கும். ஆழம் இரண்டு மடங்காக வேண்டுமானால் நேரம் நான்கு மடங்கு, அவசரப்பட்டுப் பயனில்லை. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுதான் எஃகுக்குக் கார்பனைக் கொண்டு சேர்க்கிறது. மணமே இல்லாத விஷம் அது. தயவுசெய்து திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள்.

பெட்டியோடு ஆறவிடுங்கள். துண்டை வெளியே எடுத்து, காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றே தாண்டும்வரை, அதாவது சுமார் 780 டிகிரிக்கு, மறுபடி காய்ச்சித் தண்ணீரில் முக்குங்கள். உடனே 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் நொறுங்கும் குணம் குறையும்.

கம்பியையும் அதே மாதிரி காய்ச்சி முக்கி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் உடையுங்கள். முறிந்த முகத்தில் ஓரமாக மெல்லிய, பட்டுப்போன்ற சாம்பல் வளையமும், நடுவில் நார்நாராகக் கிழிந்த எஃகும் தெரிந்தால் வேலை சரி. வளையம் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால், கரி அங்கே சரியாகச் சூழவில்லை.

இப்படிச் செய்த துண்டை ஜிக் (வேலைத் துண்டைப் பிடித்து வழிகாட்டும் சாதனம்), புஷ் (துளைக்குள் பொருத்தும் குழல்), கைக்கருவி ஆகியவற்றுக்குப் பயன்படுத்துங்கள். ஓடும் இஞ்சினில் மாட்டாதீர்கள். அதற்கு அலாய் எஃகும் (வேறு உலோகங்கள் கலந்த எஃகு), கட்டுப்பாட்டுள்ள உலையும், கடினமாக்கிய பிறகு அளவுக்குச் சாணை பிடிக்கும் இயந்திரமும் வேண்டும்.