பழைய கேட்டர்ஹாம் செவன் காரை விற்பது எப்படி?

1957-இல் பிரிட்டிஷ் கார் நிறுவனமான லோட்டஸ் அறிமுகப்படுத்திய, செவன் என்ற சிறிய திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் உரிமை 1973-இல் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு வந்தது. பிரிட்டனில் இதை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் விவரம் அறிந்தவர்கள் என்பதால், ஓடிய தூரத்தைவிட, கார் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டதா, உதிரிபாகங்களாக வாங்கி வீட்டில் இணைக்கப்பட்டதா என்பதையே முதலில் கேட்பார்கள். ஆகவே, பாகங்களை இணைக்கும்போது எடுத்த படங்களையும் பழுதுபார்ப்பு ரசீதுகளையும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். சட்டகக் குழாய்களில் பவுடர் பூச்சு உரிந்து துரு எட்டிப் பார்க்கும் இடங்களை மறைக்காமல், அருகிலிருந்து படமெடுத்து விளம்பரத்திலேயே சேர்ப்பது நல்லது. அவசரமாக அடித்த புதுப் பெயின்ட்தான் சந்தேகத்தைக் கிளப்பும். திறந்த காருக்கு வசந்தகாலமே நல்ல விலை தரும். ஓட்டிப் பார்க்கக் கொடுக்குமுன் வாங்குபவரின் காப்பீட்டைச் சரிபாருங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பின், காரின் பதிவுப் புத்தகத்தில் புதிய உரிமையாளருக்கென உள்ள பச்சைச் சீட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, கைமாறிய விவரத்தை அன்றே பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துவிடுங்கள்.